ஊர்ப் பத்திரிகை கார்ட்டூனில் ஊர்க்காரரை வரையலாமா?

மைக்கூடு:
தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சி ஊர். அங்கிருந்து மாதம் இருமுறை வரும் பத்திரிகைக்குக் கார்ட்டூன் போடுகிறேன். போன இதழ்ப் படத்தை இணைத்திருக்கிறேன். திறக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நகர்மன்றக் கூட்டம். கவுன்சிலர் நாற்காலியில் கவுன்சிலரம்மாவின் வீட்டுக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா பின்னால் நின்றுகொண்டு, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். சுவரில் 'பெண்களுக்கு 50 சதவீதம்' என்று பேனர். வீட்டுக்காரர் சொல்கிறார்: "அந்த 50, இந்த 50, ஆக நூறும் நமக்குத்தான்."

இதழ் கடைக்குப் போன அன்று சாயங்காலமே வெள்ளைச் சட்டை நாலு பேர் ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். சண்டையெல்லாம் இல்லை. டீ குடித்தார்கள். "நாமெல்லாம் ஒரே ஊரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் ஆசிரியர் உத்தரவு: இனிமேல் டெல்லி, டிரம்ப், தங்கம் விலை. ஊர் விவகாரம் வேண்டாம்.

என் கட்சி இதுதான். டிரம்ப்பை வரைய உலகம் பூராவும் ஆள் இருக்கிறான். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டில் மூடி இல்லாமல் கிடக்கிற சாக்கடையை நான் வரையாவிட்டால் வேறு எவனும் வரையப்போவதில்லை. ஊரைத் தொடாத கார்ட்டூனுக்கு ஊர்ப் பத்திரிகையில் இடம் எதற்கு? அங்கே ராசிபலன் போடலாம். மறுக்கிறவர்கள் வாங்க.

அச்சாபீஸ்காரர்:
தம்பி, உங்க ஆசிரியர் நான் இல்லை. ஆனா நானும் ஒரு வாரப் பத்திரிகை நடத்துறவன். அவருக்காகவும் சேர்த்துப் பேசுறேன்.

ஊர்ப் பத்திரிகை எதுல ஓடுதுன்னு நினைக்கிறீங்க? சந்தாவுலயா? கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, கல்யாண வாழ்த்து, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, தலைவர் பிறந்தநாள். இதுல பாதி அந்த வெள்ளைச் சட்டைக்காரங்க சொந்தபந்தம் குடுக்கிறது. சென்னைப் பத்திரிகையில மந்திரியை வரைஞ்சா மந்திரி கோபப்படுவார், சோப்பு விளம்பரம் பாட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கும். எங்க ஊர்ல வரைஞ்சவன், வரையப்பட்டவன், விளம்பரம் குடுக்கிறவன் மூணு பேரும் ஒரே பந்தியில அடுத்தடுத்த இலையில உட்காரணும். உங்களுக்குப் படத்துக்கு முந்நூறு ரூபா வந்துடும். கடைசிப் பக்கம் போச்சுன்னா யாருக்கு நட்டம்?

மைக்கூடு:
விளம்பரப் பயம் நம்ம ஊரில் மட்டுமா இருக்கிறது அண்ணாச்சி? அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 'ஃபார்ம் நியூஸ்' என்று ஒரு விவசாயப் பத்திரிகை. ரிக் ஃப்ரைடே என்கிற விவசாயி அதில் 21 வருஷம் கார்ட்டூன் போட்டார். 2016-ல் ஒரு படம்: வேலியோரம் ரெண்டு விவசாயிகள். விவசாயத்தில் லாபம் இருந்தால் தேவலை என்கிறார் ஒருத்தர். லாபம் இருக்கத்தான் செய்கிறது, விதையும் டிராக்டரும் விற்கிற மான்சான்டோ, டூபான்ட் பயனியர், ஜான் டீர் மூன்று கம்பெனித் தலைவர்களும் 2015-ல் சம்பாதித்தது அயோவா விவசாயிகள் 2,129 பேர் சம்பாதித்ததைவிட அதிகம் என்கிறார் மற்றவர். விளம்பரம் ஒன்று போனது. படம் வந்த மறுநாளே அவருக்கு வேலையும் போனது. அந்தப் பத்திரிகையைப் படித்த விவசாயிக்கு அந்த இதழில் உருப்படியாகக் கிடைத்தது எது, விளம்பரமா, வேலியோரப் பேச்சா?

அச்சாபீஸ்காரர்:
என் பக்கத்துக்கு நல்ல சாட்சியாத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க.

வாய்தா வக்கீல்:
உங்கள் ஆசிரியர் டெல்லியை வரைந்தால் பத்திரம் என்று நினைக்கிறார். அங்கேயே தப்பு. 2025 பிப்ரவரியில் விகடன் பிளஸ் இணைய இதழில் பிரதமர் கையில் விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக ஒரு கார்ட்டூன் வந்தது. விகடன் இணையதளமே முடங்கியது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் போய், படத்தைத் தற்காலிகமாக எடுத்தால் தளத்தைத் திறக்கலாம் என்று உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அதே விகடன் 1987-ல் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டலடித்து ஒரு ஜோக் போட்டது. சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு சில நாளில் விட்டார்கள்.

உள்ளூருக்கும் உதாரணம் உண்டு. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதற்கு கலெக்டர், கமிஷனர், முதல்வர் மூவரையும் வைத்து கார்ட்டூனிஸ்ட் பாலா படம் போட்டார். நவம்பர் 5-ம் தேதி நெல்லை போலீஸ் சென்னைக்கே வந்து கைது செய்தது. மறுநாள் ஜாமீன்.

சட்டம் என்ன சொல்கிறது? அவதூறு முன்பு இ.பி.கோ. 499, 500. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356. எழுத்து, பேச்சு மட்டுமில்லை, படமும் அதில் அடக்கம். ஆனால் பொது ஊழியர் தன் பதவி வேலையை எப்படிச் செய்கிறார் என்று நல்லெண்ணத்தோடு விமர்சிப்பதற்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. ஜெயலலிதா ஆட்சியில் பத்திரிகைகள்மேல் அரசு போட்ட அவதூறு வழக்குகள் பலவற்றை 2020 மே மாதம் உயர் நீதிமன்றம் மொத்தமாக ரத்து செய்தது. ஆக, கடைசியில் ஜெயித்துவிடலாம். அந்தக் 'கடைசி' எப்போது வரும் என்பதுதான் சிக்கல். பெரிய பத்திரிகைக்கு அதற்கென்றே வக்கீல் இருக்கிறார். நீங்கள் கடையை அடைத்துவிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் நிற்க வேண்டும். தண்டனையே வேண்டாம், வாய்தா போதும்.

மைக்கூடு:
வக்கீல் சார், நன்றி. 1906-ல் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையில் பாரதி கார்ட்டூன் போட்டபோது எதிரே இருந்தது வெள்ளைக்காரன் சர்க்கார். நான் வரைந்தது ஒரு வார்டு கவுன்சிலர். இதற்கே பின்வாங்கினால் எப்படி?

அச்சாபீஸ்காரர்:
அந்தக் கதையில மீதியையும் சொல்லுங்க. 1908-ல போலீஸ் வந்தப்போ பாரதி புதுச்சேரிக்குப் போயிட்டார். ஆசிரியர்னு பதிவுல பேர் இருந்த சீனிவாசன் அஞ்சு வருஷம் தண்டனை வாங்கினார். நீங்க பாரதியா இருந்துட்டுப் போங்க தம்பி. கடைசிப் பக்கத்து அடியில 'வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர்'னு பொடி எழுத்துல இருக்கிற பேர் என் பேரு. இந்த ஏற்பாட்டுல நான் சீனிவாசன்.

ஆறாவது வார்டு:
விளம்பரம் பேசியாச்சு, கோர்ட்டு பேசியாச்சு. படத்தில் நிற்கிற பொம்பளையைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

நான் வேறொரு ஊரில் பேரூராட்சி உறுப்பினர். 2022 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்தேன். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். அந்தம்மாவுக்கு மூக்குத்தி, எண்ணெய் வழியும் நெற்றி, இடுப்புச் சதை வரைக்கும் ஒன்று விடாமல் வரைந்திருக்கிறீர்கள். வீட்டுக்காரருக்குப் பாதி முகம்தான், மீதி மீசை. கால்மேல் போட்ட அந்தக் காலை மட்டும் என்ன கம்பீரமாகப் போட்டிருக்கிறீர்கள்! இந்தப் படம் டீக்கடைக்குப் போனால் என்ன நடக்கும்? அந்த ஆளை யாராவது கேலி செய்வானா? "பரவாயில்லையே மாப்ளே, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க" என்பான். அவரும் சிரித்துக்கொண்டு இன்னொரு டீ சொல்வார். கேலி முழுக்க அந்தம்மா தலையில். ரேஷன் கடை வரிசையில் அவர்தான் நிற்க வேண்டும். டெல்லி மந்திரி எந்த வரிசையிலும் நிற்பதில்லை.

இன்னொன்று. எங்கள் மன்றத்தில் ஆம்பளை உறுப்பினர் ஒருத்தர், கட்சிச் செயலாளர் கண் காட்டாமல் எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்கமாட்டார். அவரை யாரும் பொம்மையாக வரைந்து நான் பார்த்ததில்லை. இடஒதுக்கீட்டில் வந்தவள்தான் பொம்மை, மற்றவன் 'கட்சிக் கட்டுப்பாடு உள்ளவன்'.

மைக்கூடு:
அக்கா, கோபம் புரிகிறது. ஆனால் நடக்காததை நான் வரையவில்லை. அந்த வார்டில் ரோடு போட வேண்டுமென்றால் ஜனங்கள் வீட்டுக்காரரைத்தான் போய்ப் பார்க்கிறார்கள். பதவியில் இருக்கிறவரை வரையத்தான் செய்வோம். 1948-ல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் தன் 'சங்கர்ஸ் வீக்லி'யைத் தொடங்கியபோது, என்னையும் விட்டுவைக்காதே என்று நேருவே சொன்னார். அவரை எத்தனை கோலத்தில் வரைந்தார் சங்கர்! பொம்பளை என்பதால் விலக்குக் கேட்டால் அதுவும் ஒரு மாதிரி 50 சதவீதம்தானே?

ஆறாவது வார்டு:
விலக்கு யார் கேட்டது? நேரு பிரதமர், கேலியைத் தாங்கிக்கொண்டு பெயரும் வாங்கிக்கொள்ளலாம். அதே சங்கர் 1949-ல் வரைந்த இன்னொன்று இருக்கிறது. அரசியல் சட்டம் என்ற நத்தைமேல் அம்பேத்கர் உட்கார்ந்திருப்பார், பின்னால் நேரு சாட்டையை ஓங்கிக்கொண்டு நிற்பார். பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அதைச் சேர்த்திருந்தார்கள். 2012-ல் நாடாளுமன்றமே அமளியானது. சாட்டை நத்தைக்குத்தான் என்றார்கள் ஒரு சாரார். அம்பேத்கர் முதுகுக்குப் பின்னால் சாட்டையோடு நேரு நிற்பதைத்தான் எங்கள் கண் பார்க்கிறது என்றார்கள் மற்றவர்கள். 1949-ல் எதை நினைத்து வரைந்தார் என்பது, 2012-ல் வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்த பையனுக்கு எப்படித் தெரியும்? உங்கள் மனசில் வீட்டுக்காரர் குற்றவாளி என்று இருக்கலாம், தம்பி. உங்கள் தூரிகை அவருக்கு நாற்காலி கொடுத்திருக்கிறது.

தமிழ்24:
இவ்ளோ சண்டை எதுக்கு ப்ரோ? ஏ.ஐ.-கிட்ட சொன்னா பத்து செகண்ட்ல படம் வந்துடும். யார் வரைஞ்சான்னே தெரியாது. கேஸும் இல்ல, முந்நூறும் மிச்சம்.

வாய்தா வக்கீல்:
படம் எங்கிருந்து வந்தாலும் வெளியிட்டவர்மேல் கேஸ் உண்டு. மிச்சம் முந்நூறு மட்டும்தான்.

பழைய தூரிகை:
ஏ.ஐ. படத்தைச் சாதாரண நியூஸ்பிரிண்டில் அடித்துப் பார், தம்பி. அந்தக் காகிதம் மையைக் குடிக்கும். சாம்பல் நிறமாய் இழைத்த இடமெல்லாம் ஒரே சேறாகிவிடும். கார்ட்டூனுக்குக் கெட்டியான கோடும், கோட்டுக்குக் கோடு இடைவெளியும் வேண்டும்.

மைக்கூடுக்கு ஒரு வார்த்தை. நான் லெட்டர்பிரஸ் காலத்து ஆள். ஐவரி அட்டையில் இந்தியன் இங்க்கால் ஒன்றரை மடங்கு பெரிசாக வரைந்து பஸ்ஸில் மதுரைக்குக் கொடுத்துவிடுவோம். மரக்கட்டையில் ஆணி அடித்த துத்தநாக பிளாக்காக அது திரும்பி வரும். சின்னதாக்கும்போது மெல்லிய கோடெல்லாம் காணாமல் போகும். சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று காசு. அதனால் முகத்தில் விளையாட வசதியே கிடையாது. எங்கள் ஊர் சேர்மனை நான் ஒருநாளும் முகம் போட்டு வரைந்ததில்லை. தோளில் போட்ட துண்டு ஒரு பக்கம் நீளமாகத் தொங்கும், கையில் மூங்கில் கைப்பிடிக் குடை. அவ்வளவுதான். சேர்மன் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோர்ட்டில் போய் 'அந்தக் குடை நான்தான்' என்று எவரும் சொல்ல முடியாது பாருங்கள்.

இந்தப் படத்துக்கும் அதுதான் வழி. அந்தம்மாவை வரைய வேண்டியதில்லை. காலி நாற்காலி, மேஜையில் அவர் பெயர்ப்பலகை, நாற்காலிக்கு அடியில் ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி. முடிந்தது.

வாய்தா வக்கீல்:
குடைக்கு அவதூறு வழக்குப் போட முடியாது என்று நினைக்காதீர்கள் ஐயா. ஊர் அடையாளம் கண்டுகொண்டால் பெயரும் முகமும் இல்லாமலே வழக்கு நிற்கும். உங்கள் சேர்மன் நல்லவர்.

ஆறாவது வார்டு:
ஐயா சொன்ன செருப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் அந்தம்மா ஆளே இல்லாமல் போய்விட்டாரே. முதல் படத்தில் பொம்மை, இரண்டாவதில் அதுவும் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், முடிந்தால் இதை வரையுங்கள். என் வார்டில் குடிநீர்க் குழாய் பதிக்கிற வேலை. எஸ்டிமேட் காப்பி கேட்டு ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "வீட்ல சாரை வரச்சொல்லுங்கம்மா, அவர்ட்ட விவரமா சொல்லிடுறோம்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உட்காருங்கம்மா, கலர் சாப்பிடுறீங்களா?" என்றார். ஃபைல் அவர் கையில்தான் இருந்தது. வீட்டுக்காரர் கவுன்சிலர் ஆவது வீட்டில் என்று நினைக்கிறீர்கள். பாதி அந்த ஆபீசில்தான் ஆக்குகிறார்கள்.

மைக்கூடு:
இதை வரைகிறேன். கவுன்டர், கும்பிட்ட கை, கான்ட்ராக்டர் மடியில் ஃபைல், உங்கள் கையில் கலர் பாட்டில். ஆனால் வீட்டுக்காரரை முழுசாக விட்டுவிட முடியாது. வாசலில் பைக்கில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். அவர் இல்லாமல் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

ஆறாவது வார்டு:
எங்க வீட்டுக்காரர் அன்றைக்கு வாழைத்தார் லோடோடு போயிருந்தார், அவரை இழுக்காதீர்கள். உங்கள் ஊர்க்காரரை நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள். முகத்தை முழுசாகப் போடுங்கள்.

அச்சாபீஸ்காரர்:
படம் நல்லா இருக்கும்போல. எங்க பத்திரிகைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. அந்தக் கான்ட்ராக்டர் மாதிரி நாலு பேர் தீபாவளி மலருக்குக் காசு தர்றாங்க.

மைக்கூடு:
எங்க ஆசிரியரும் இதையேதான் சொல்வார். முகநூலில் போட்டுவிட்டு, அதே தாளை ஜெராக்ஸ் எடுத்து பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒட்டப்போகிறேன்.

வாய்தா வக்கீல்:
ஒட்டுவதற்கு முன்னால் அந்த எஸ்டிமேட் காப்பிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போடுங்கள், பத்து ரூபாய்தான். 30 நாளில் பதில் தர வேண்டும். மேடம் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரிலேயே போடுங்கள். உண்மை, பொதுநலன் என்று கோர்ட்டில் சொல்வதற்குக் கையில் ஒரு காகிதம் வேண்டும். அதுவரைக்கும் பென்சிலில் வரைந்து வையுங்கள்.