கோ-டிசைன் ஆராய்ச்சிக்குக் கூப்பிடுகிறார்கள், என்ன கேட்டுக்கொண்டு சேரலாம்?

தண்டையார்பேட்டைப் பெண்:
எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன், வீல்சேரில்தான் போய்வருவது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு டிசைன் குழு, வளாகத்தில் படி இல்லாத வழிகளைக் காட்டும் ஆப் ஒன்றைச் செய்கிறது, பயன்படுத்தப்போகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு வடிவமைக்கும் கோ-டிசைனாம், அதற்கு என்னை 'இணை ஆராய்ச்சியாளராக' வரச் சொல்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆப்தான் வேண்டும் என்று முடிவெடுத்தது அவர்கள், திரைகளையும் வரைந்து முடித்துவிட்டார்கள், நான் மூன்று மணி நேரம் வந்து தொட்டுப் பார்த்துக் கருத்துச் சொன்னால் போதுமாம். முதல் கூட்டம் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். என்னைத் தூக்குவது எனக்குப் பிடிக்காது.

உண்மையில் எனக்கு வழி பிரச்சினையே இல்லை. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, யாரையும் கூப்பிடாமல் வந்துவிடுவேன். துறைக் கழிவறையின் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, வீல்சேர் உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. அதனால் வகுப்பு இருக்கும் நாளில் காலை எட்டு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, ஏப்ரல் வெயிலிலும். இதைக் கேட்க அந்தக் குழுவின் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. சேரலாமா?

காசிமேடு அண்ணன்:
தங்கச்சி, முதலில் ஒப்புதல் படிவத்தை வாங்கி நிதானமாகப் படி. எனக்குப் பார்வை இல்லை, முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். போன வருஷம் இதே மாதிரி ஒரு குழுவில் சேர்ந்தேன். படிவத்தை ஸ்கேன் செய்த படமாக அனுப்பினார்கள், திரையில் இருப்பதை எனக்கு வாசித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருளுக்கு அது வெற்றுத்தாள். திரும்பக் கேட்டால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது வந்தது. பார்ப்பவர்களுக்கு அது தமிழ், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து, அதனால் கணினி எனக்கு அர்த்தமே இல்லாத எழுத்துகளாக வாசித்துத் தள்ளியது. கணினி தமிழாகவே வாசிக்கும் யூனிகோடில் கைக்கு வர மூன்று வாரம். அதற்குள் ஆராய்ச்சியின் கேள்விகள் எல்லாம் முடிவாகிவிட்டன, நான் போய் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது.

அப்புறம், ஆட்டோ காசு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. உன் நேரத்துக்கும் கேள்.

வியாசர்பாடி டிசைனர்:
நான் இப்படி ஆட்களைக் கூப்பிடும் வேலையில் இருப்பவன், அதனால் சொல்கிறேன். இந்தக் கோ-டிசைன் முறை 1970களில் ஸ்காண்டிநேவியாவில் உருவானது. நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞர் சேர்ந்து வேலை செய்தார். ஆலைக்குள் கம்ப்யூட்டர் வரப்போகிறது, அது எப்படி வர வேண்டும் என்பதில் தொழிலாளிக்கும் பேச்சு இருக்க வேண்டும், அதுதான் விஷயம். 1918லேயே பி அண்ட் சி என்ற துணி மில்லின் தொழிலாளர்கள் சங்கம் கண்ட நம் சென்னைக்காரர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு பட்டன் எந்த நிறத்தில் வேண்டும் என்று கேட்பது கோ-டிசைன் ஆகாது.

நீங்கள் கழிவறை பற்றி எழுதியதை அப்படியே அவர்களுக்கு அனுப்புங்கள். ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடம் அதுதான். கேள்வியை மாற்ற முடியாது என்றால் அது வெறும் சோதனை, அதற்கும் போகலாம், தப்பில்லை, ஆனால் 'இணை ஆராய்ச்சியாளர்' என்று உங்கள் பெயரைப் போட விடாதீர்கள்.

ராயபுரம் ஆசிரியை:
நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன்மா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்றால் எங்கள் ஆட்களுக்கு 5 சதவீத இட ஒதுக்கீடு மட்டும்தான் ஞாபகம் வரும். ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதே சட்டம் சொல்கிறது. கூட்டத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கடிதத்தில் இதை எழுது, தயங்காதே. சாய்தளம் போட்டுவிட்டோம் என்று காட்டினால் அதையும் அளந்து பார், ஒன்றுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். அரை அடிப் படிக்கு ஆறடி நீளம். எங்கள் கல்லூரியில் அதே உயரத்துக்கு மூன்றடியில் போட்டிருந்தார்கள், ஏறப் பார்த்த பையன் பின்பக்கமாகச் சாய்ந்ததை நான் நேரில் பார்த்தேன்.

தண்டையார்பேட்டைப் பெண்:
அண்ணா, சார், மேடம், ரொம்ப நன்றி. நேற்று ராத்திரியே மெயில் போட்டேன். கூட்டத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள், நேரத்துக்குப் பணம் தருவது பற்றிப் பேராசிரியரிடம் கேட்டுச் சொல்கிறார்களாம். கேள்வியை மாற்றுவது பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை. வியாழக்கிழமை முதலில் எங்கள் துறைக் கழிவறை வாசலுக்கு வாருங்கள், அளக்கிற டேப்பும் கொண்டுவாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்று திரும்ப எழுதியிருக்கிறேன். வந்தார்களா என்று இங்கேயே சொல்கிறேன்.