மின்னணுச் சாட்சியம்: செய்முறைப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

வணக்கம். தாலுகா நீதிமன்றம் ஒன்றில் நான்கு வருடமாக பிராக்டிஸ் செய்கிறேன். 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபின் எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் நடந்தது ஒரே ஒரு அரைநாள் கருத்தரங்கம்தான். பழைய பிரிவுக்குப் புதிய எண் எது என்று சொன்னதோடு முடிந்துவிட்டது.

நான் திணறுவது பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவில். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் பழகிய விஷயம். இப்போது அட்டவணையில் உள்ள படிவத்தில் பகுதி ஏ, பகுதி பி என்று இரண்டு. பி-யை நிபுணர் தர வேண்டும். ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க அதிலிருந்து கணக்கிடும் குறியீட்டையும், குறிப்பிட வேண்டும். சிசிடிவி பதிவிலிருந்து அதை எப்படி எடுப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆளில்லை. தவறாகத் தாக்கல் செய்தால் பாதிக்கப்படுவது கட்சிக்காரர்.

சங்கச் செயலாளரிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. சீனியருக்கும் இது புதிது. இரண்டு இணையவழி வகுப்புகளில் சேர்ந்தேன், ஸ்லைடைத்தான் படித்தார்கள். அப்புறம், மாவட்டச் சங்கப் பயிற்சி அவர்களுடைய உறுப்பினர்களுக்கு மட்டுமாம்.

வெளிச் சங்க உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டு, கணினியில் செய்துகாட்டிக் கற்றுத்தரும் வார இறுதிப் பயிற்சியை எந்த வழக்கறிஞர் சங்கம் நடத்துகிறது?