டாக்கில் லேன் கேபிள் மாட்டினால் இணையம் இல்லை, மதியத்துக்குள் சரியாக வேண்டும்

பிரியா_பாயான்லெப்பாஸ் | காலை 9.14
வணக்கம். புதிதாக ஒரு டாக் (மானிட்டர், கீபோர்டு, லேன் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் லேப்டாப்போடு சேர்க்கும் பெட்டி) வாங்கியிருக்கிறேன். இரண்டு மானிட்டரும் வருகின்றன, கீபோர்டு, மவுஸ் எல்லாம் சரி. லேன் கேபிளை டாக்கில் மாட்டினால் மட்டும் இணையம் வருவதே இல்லை. அதே கேபிளை லேப்டாப்பில் நேராகச் செருகினால் உடனே வருகிறது. வேறு கேபிளும் போட்டுப் பார்த்துவிட்டேன். 2 மணிக்கு வீடியோ கூட்டம். இங்கே வைஃபை சரியாக எடுக்காது. யாராவது சொல்லுங்கள்.

குமார்_பிறை | காலை 9.21
என்ன லேப்டாப், என்ன டாக்? விண்டோஸா, ஆப்பிளா? டாக்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுத்திருக்கிறீர்களா, இல்லை லேப்டாப்பிலிருந்தே இழுக்கிறதா?

செந்தூல்_தம்பி | காலை 9.26
டாக்கையும் லேப்டாப்பையும் சேர்க்கும் அந்த சி கேபிள்தான் காரணம், நூற்றுக்கு நூறு. போனோடு வரும் சி கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0தான், 480 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. நானும் ஒரு வாரம் இதில்தான் திண்டாடினேன். நல்ல கேபிளாக மாற்றுங்கள்.

வலைக்கம்பி | காலை 9.40
தம்பி, கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதுவது நல்ல பழக்கம். இரண்டு மானிட்டரும் வருகின்றன என்று எழுதியிருக்கிறார். போன் கேபிளில் படம் போவதற்கான கம்பிகளே கிடையாது. அப்படியே 480 என்றாலும் இணையம் மெதுவாக வருமே தவிர அடியோடு நிற்காது.

பிரியா, உதவி கேட்க வருகிறவர் மாடல் பெயராவது எழுத வேண்டும். எத்தனை முறை இங்கே சொல்லியாகிவிட்டது. லேன் துளையில் விளக்கு எரிகிறதா? கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்று கொடுத்தால் என்ன ஐபி முகவரி (நெட்வொர்க் கொடுக்கும் எண்) காட்டுகிறது? இந்த இரண்டும் இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பிரியா_பாயான்லெப்பாஸ் | காலை 10.02
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். திங்க்பேட், விண்டோஸ் 11. டாக், அண்ணன் கோலாலம்பூர் போனபோது லோ யாட் கடைத்தொகுதியில் வாங்கி வந்தது, பெரிய பிராண்டு எதுவும் இல்லை. தனி அடாப்டர் உண்டு. லேன் விளக்கு பச்சையாக எரிகிறது. முகவரி 169.254 என்று தொடங்குகிறது.

சுமதி_சுங்கைப்பட்டாணி | காலை 10.09
டிரைவர்தான்மா, அதாவது டாக்கின் லேன் சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். இந்த மாதிரி டாக் பலவற்றில் ரியல்டெக் சிப்தான் இருக்கும். அவர்கள் தளத்திலிருந்து புது டிரைவர் இறக்கிப் போட்டுவிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

பிரியா_பாயான்லெப்பாஸ் | காலை 10.31
போட்டேன் அக்கா. மாற்றமே இல்லை.

ராஜன்_பட்டர்வொர்த் | காலை 10.38
டாக் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான் டாக் வாங்கிய நாளிலிருந்து ஒயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டுத்தான் நகர்கிறது. வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

செந்தூல்_தம்பி | காலை 10.41
பேட்டரி மாற்றுங்கள் அண்ணே.

குமார்_பிறை | காலை 10.47
பேட்டரி இல்லை. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். மவுஸின் ரிசீவரும் அதே அலைவரிசைதான். இன்டெல் 2012லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ரிசீவரை டாக்கின் முதுகில், எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில் செருகியிருப்பீர்கள். ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

செந்தூல்_தம்பி | காலை 10.52
என் ரிசீவரும் டாக்கில்தான் இருக்கிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. 10 வெள்ளி பேட்டரியில் முடிகிற விஷயத்துக்கு அலைவரிசை வரை போக வேண்டுமா?

குமார்_பிறை | காலை 10.58
உங்கள் டாக்கின் கவசம் நன்றாக இருக்கலாம், அல்லது உங்கள் ரிசீவர் 2.0 துளையில் இருக்கலாம். எல்லா டாக்கும் ஒன்றில்லை. டாக்கோடு ஆரம்பித்த கோளாறு என்று ராஜன் அண்ணன் தெளிவாகச் சொல்கிறார். பேட்டரி அதே நாளில் தீர்ந்திருக்குமா?

வலைக்கம்பி | காலை 11.05
மவுஸுக்குத் தனி இழை போடுங்கள்.

பிரியா, 169.254 என்றால் லேப்டாப் முகவரி கேட்டிருக்கிறது, யாரும் கொடுக்கவில்லை, அதுவே தனக்கு ஒன்று வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஆகவே கடைசிக் கேள்வி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. இது வீடா, அலுவலகமா?

பிரியா_பாயான்லெப்பாஸ் | காலை 11.12
அலுவலகம். எழுதவில்லையா? தொழிற்சாலை அலுவலகம். வீட்டில் நேற்று இரவு ரவுட்டரில் மாட்டிப் பார்த்தேன், அங்கே இதே டாக்கில் இணையம் வந்தது.

வலைக்கம்பி | காலை 11.20
இதை 9.14க்கே எழுதியிருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். டாக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, கேபிளும் டிரைவரும் நன்றாகத்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு லேன் துளைக்கும் தனி மேக் முகவரி உண்டு (ஆப்பிள் மேக் இல்லை), 12 இலக்கம். லேப்டாப்பின் துளைக்கு ஒன்று, டாக்கின் துளைக்கு வேறொன்று. உங்கள் ஐடி பிரிவு பதிந்து வைத்திருப்பது லேப்டாப்பினுடையதாக இருக்கும். டாக் வழியாகப் போனால் அவர்களுடைய சுவிட்சுக்கு (லேன் கேபிள்கள் எல்லாம் போய்ச் சேரும் நெட்வொர்க் பெட்டி) நீங்கள் வெளியாள். வீட்டு ரவுட்டர் அப்படி யாரையும் விசாரிக்காது.

சுமதி_சுங்கைப்பட்டாணி | காலை 11.26
திங்க்பேட் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புப் பக்கம்) மேக் அட்ரஸ் பாஸ்-த்ரூ என்று, டாக் வழியாகப் போனாலும் லேப்டாப்பின் மேக் எண்ணையே காட்டும் வசதி ஒன்று இருக்குமே? எங்கள் அலுவலகத்தில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வலைக்கம்பி | காலை 11.31
இருக்கிறது. ஆனால் பொதுவாக அந்தந்த நிறுவனத்தின் சொந்த டாக்கோடுதான் ஒழுங்காக வேலை செய்யும். பிராண்டு இல்லாத டாக்கில் நம்ப வேண்டாம்.

செந்தூல்_தம்பி | காலை 11.34
இவ்வளவு எதற்கு? டிவைஸ் மேனேஜரில் டாக்கின் அடாப்டரைத் திறந்து, லேப்டாப்பின் மேக் எண்ணையே அங்கே எழுதிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

குமார்_பிறை | காலை 11.39
தம்பி, தயவுசெய்து இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அலுவலக நெட்வொர்க்கில் ஐடிக்குத் தெரியாமல் மேக் எண் மாற்றினால், கண்டுபிடிக்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் பிரியா, நீங்கள் இல்லை. தங்கச்சி, ஐபிகான்ஃபிக் /ஆல் கொடுங்கள். டாக்கின் அடாப்டருக்குக் கீழே பிசிக்கல் அட்ரஸ் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு ஐடிக்குப் போய்ப் பதியச் சொல்லுங்கள். சொந்த டாக்கை அங்கே மாட்டலாமா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிரியா_பாயான்லெப்பாஸ் | மதியம் 1.47
பதிந்து கொடுத்துவிட்டார்கள், வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. கூட்டத்துக்குப் போகிறேன்.

ராஜன்_பட்டர்வொர்த் | மாலை 6.20
குமார் தம்பி, பழைய நீட்டிப்புக் கேபிள் ஒன்று கிடந்தது, ரிசீவரைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டேன். மவுஸ் இப்போது நிற்காமல் ஓடுகிறது. பேட்டரி பழையதேதான்.

செந்தூல்_தம்பி | மாலை 6.33
சரி அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். கேபிள் எவ்வளவு நீளம்?