ரெதுயியில் நூறு ரூபாயோடு ஒரு சனிக்கிழமை

மாடியறைக்காரன்

மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலையாக ஒன்றரை வருடம் ரெதுயியில் தங்கியிருந்தேன். உதவித்தொகை இருபதாம் தேதி வரை தாங்கும். மிச்சப் பத்து நாளும் நடைதான். படிக்க வரும் பிள்ளைகள் "செலவில்லாமல் பொழுதுபோக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பட்டியல் போட வராது. அந்தப் பத்துப் பத்து நாட்களில் எதிர்ப்பட்ட மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன், நீங்களும் கீழே உங்கள் புனைபெயரில் எழுதுங்கள்.

முதலில் ஒன்று. ரெதுயியை ஊர் என்பதே கொஞ்சம் அதிகம். 1965-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகை, ஒரு மெட்ரோ நிலையம், அவ்வளவுதான். மாளிகையில் இப்போது குடியரசுத் தலைவர் இருக்கிறார். வருடத்தில் ஓரிரு நாள் அதன் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள், அன்றைக்குத் தவறாமல் போய்விடுங்கள். மற்ற நாட்களில் பல் குச்சி வாங்கக்கூடப் பக்கத்து நகரமான ரோஸ்ஹில்லுக்குத்தான் போக வேண்டும்.

அந்த ரோஸ்ஹில்லில்தான் என் முதல் சந்திப்பு. வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. தால்பூரி வண்டியில் வரிசையில் நிற்கிறேன். பருப்பை உள்ளே வைத்துச் சுட்ட மெல்லிய ரொட்டி அது. கையில் நூறு ரூபாய்த் தாள். சும்மா திருப்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தாளில் தமிழ்! எழுத்திலும் தமிழ், எண்ணிலும் நம் பழைய தமிழ் எண். ஊரில் அந்த எண்ணை நான் பழைய கல்வெட்டுப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அதைக் கொடுத்துப் பூரி வாங்குகிறார்கள்.

என் பின்னால் தொப்பி போட்ட ஒரு பெரியவர். நான் தாளை முறைத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஆங்கிலமும், பிரெஞ்சிலிருந்து வந்த இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலும் கலந்து, "படிக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "சத்தமாகப் படி" என்றார். நடுத்தெருவில், பூரிக்காரரும் கேட்க, "நூறு ரூபாய்" என்று படித்தேன். அவர் ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "என் பெயரில் சாமி இருக்கிறது, என் அப்பா பெயரிலும் இருக்கிறது. படிக்கத்தான் தெரியாது" என்றார்.

அப்புறம் அந்தத் தாளின் கதையைச் சொன்னார். 1998-ல் புதுத் தாள் அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்களாம். இங்குள்ள தமிழர்கள் விடவில்லை. கடைசியில் அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசையிலேயே அடித்தார்கள். படிக்கத் தெரியாத எழுத்துக்காக அவரும் அந்தச் சண்டையில் நின்றவர். "இதில் இருக்கிற ஆள் யார் தெரியுமா?" என்று தாளிலிருந்த முகத்தைத் தட்டினார். ரெங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், அரசியலில் இருந்தவர். "நம்ம ஆள்" என்று சொன்னது மட்டும் தமிழில்.

ஒரு ஜோடி தால்பூரி, குடிக்க ஒரு கிளாஸ் அலூடா. பாலில் கடற்பாசியும் சப்ஜா விதையும் போட்டது, மதுரைக்காரர்களுக்கு ஜிகர்தண்டா நினைவு வரும். அதற்கப்புறமும் கையில் சில்லறை மிஞ்சியது.

முருங்கைக்கீரை

அண்ணா, நான் இங்கேயே பிறந்தவள். வீடு காத்ர் போர்ன். வீட்டில் கிரியோல்தான், தமிழ் பள்ளிக்கூடத்திலும் பிறகு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலும் படித்தது. எங்களுக்கு மாணவர் அட்டையைக் காட்டினால் பஸ்ஸில் காசு கிடையாது, 2005-லிருந்தே அப்படித்தான். அதனால் ஊர் சுற்றுவதை நாங்கள் ஒரு செலவாகவே நினைப்பதில்லை.

என் ஊர்ச் சந்தையை நீங்கள் விட்டுவிட்டீர்கள். போன வருடம் ஒரு சனிக்கிழமை, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு அக்கா கீரைக்காரம்மாவிடம் திணறிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் கேட்கிறார், கையைக் காட்டுகிறார். கீரைக்காரம்மா "ப்ரேத் மூரூம், ப்ரேத் மூரூம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நான் பக்கத்தில் போய், "அக்கா, அது முருங்கை" என்றேன். ப்ரேத் என்றால் கீரை. மூரூம் முருங்கையிலிருந்து வந்தது. அந்த அக்கா கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார் பாருங்கள்!

அப்புறம் இரண்டு பேரும் கடை கடையாகப் போனோம். கொத்தமல்லி இங்கே கோத்தோமிலி. கறிவேப்பிலை காரிபூலே. பீர்க்கங்காய் பிபாங்காய். அப்பளம் அப்பளமேதான். கிரியோல் பேசுகிற எல்லோரும், சீனக் கடைக்காரர் உட்பட, இதைத்தான் சொல்வார்கள். தமிழ் என்று தெரிந்தா சொல்கிறார்கள்? ஒரு மணி நேரம் சுற்றியதில் அந்த அக்கா வாங்கியது ஒரு கட்டுக் கீரை, நான் வாங்கியது இரண்டு காத்தோ பிமாங். அது என்ன என்று கேட்டார். கடித்தால் தெரியும் என்றேன். பருப்பு வடை!

சந்தை முடிகிற நேரத்துக்குப் போனால் தக்காளியும் கத்தரியும் அடிவிலைக்குக் கிடைக்கும். ஆனால் நல்ல கீரை வேண்டுமென்றால் காலையிலேயே போய்விட வேண்டும்.

கடைசி பஸ்

இலவச நாள் எப்படி அறுநூறு ரூபாயில் முடியும் என்பதற்கு நான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை. சவுக்கு மரங்களுக்குக் கீழே பாய், அடுப்பு, பெரிய அண்டா சகிதமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு ஓரமாக இருந்தேன். பக்கத்துக் குடும்பத்தில் ஒருவர் வட்டமான பெரிய தோல்கருவி ஒன்றை எடுத்தார். நேரே வாசிக்கவில்லை. காய்ந்த ஓலைகளைக் குவித்துக் கொளுத்தி, தோலைத் தீயில் காட்டிக் காட்டித் திருப்புகிறார், நடுநடுவே விரலால் சுண்டிச் சத்தம் பார்க்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் பறை காய்ச்சுவது இதே மாதிரிதான். எங்களது மாட்டுத்தோல், இது ஆட்டுத்தோல். பெயர் ராவான். இதை வைத்துத்தான் இவர்களுடைய சேகா ஆட்டம்.

கிட்டே போய், கைபேசியில் பறை காய்ச்சும் படத்தைக் காட்டினேன். படத்தை வாங்கிப் பார்த்தவர், தன் அம்மாவிடம் காட்டினார், அம்மா இன்னொருவரிடம். கொஞ்ச நேரத்தில் என் தட்டில் பிரியாணி. என்னையும் அடிக்கச் சொன்னார்கள். என் அடி அவர்களுக்குச் சரிப்படவில்லை, ஆனாலும் ஆடினார்கள்.

நேரம் போனதே தெரியவில்லை. இந்தத் தீவில் இருட்டியதும் பஸ் நின்றுவிடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாடகைக் காருக்கு அறுநூறு.

மலை ஏறுபவள்

கடற்கரையை எல்லோரும் சொல்வார்கள். என் ஓட்டு லெ பூஸ் மலைக்கு. 812 மீட்டர், தீவில் மூன்றாவது உயரம். பெயருக்குக் கட்டைவிரல் என்று பொருள், தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியேதான் நிற்கும். மோக்காப் பக்கம் கரும்புக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை தொடங்குகிறது. 1836-ல் பீகிள் கப்பலில் வந்த டார்வினும் இதில் ஏறியிருக்கிறார். சீட்டும் இல்லை, வாசலும் இல்லை. பாதி வரை பூங்காவில் நடக்கிற மாதிரி இருக்கும், கடைசித் துண்டு மட்டும் கையையும் ஊன்றி ஏற வேண்டும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். நான் போனேன். சேற்றில் வழுக்கி, காலணியின் அடித்தோல் வாயைப் பிளந்துவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து அழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு தாத்தாவும் பேத்தியும் இறங்கி வந்தார்கள். தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து சணல் கயிறு எடுத்து என் காலணியைச் சுற்றிக் கட்டினார், வாழைத்தார் கட்டுவது போல. பேத்தி ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து நீட்டினாள். கோலிக்குண்டு அளவில் சிவப்புப் பழங்கள், மேலே உப்பும் மிளகாயும். சீனக் கொய்யா என்று பெயர். குளிர் தொடங்கும் மாதங்களில் காட்டில் தானாகப் பழுத்துக் கிடக்கும். இந்தச் செடி உள்ளூர்க் காட்டை நெருக்கி அழிப்பதால் வனம் காப்பவர்களுக்கு அதன் மேல் கோபம். அதனால் குற்ற உணர்ச்சியே இல்லாமல் தின்னலாம்.

எதிரே பீட்டர் போத் மலை. உச்சியில் ஒரு பாறை, தலையை வைத்தது போல உட்கார்ந்திருக்கும். அது ஒரு பால்காரர் என்றார் தாத்தா. மலையில் தூங்கிப்போனவர் தேவதைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டார். வெளியே சொல்லாதே என்று அவர்கள் எச்சரித்தும், போய்ச் சொல்லிவிட்டார். கல்லாகிவிட்டார். "பால்காரரால் எப்படிச் சொல்லாமல் இருக்க முடியும், தினம் நாற்பது வீட்டுக்குப் போகிறவர்?" என்று பேத்தி கேட்டாள். தாத்தாவிடம் பதில் இல்லை.

ரோஸ்ஹில் அக்கா

எல்லாரும் சாப்பாட்டிலேயே நிற்கிறீர்கள், சரி, நானும் அங்கேயே வருகிறேன். தைப்பூசத்துக்கு இங்கே அரசு விடுமுறை. கோர் த கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலுக்குக் காவடி போகும். பூசை முடிந்ததும் வந்தவர் எல்லாருக்கும் வாழையிலையில் ஏழு கறி. பருப்பு, பூசணி, பலாக்காய், வாழைக்காய் என்று வரிசையாக வரும், கடைசியில் ரசமும் பாயசமும். ரசத்தை ரசோங் என்பார்கள், நீங்கள் சிரிக்கக்கூடாது. எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. சீனப் பிள்ளைகளும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் பிள்ளைகளும் வரிசையில் உட்கார்ந்து கையால் சாப்பிடுவார்கள்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை இலவசச் சாப்பாட்டுப் பட்டியலில் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பத்து நாள் விரதம் இருந்து அலகு குத்தி நடந்து வருபவர்களுடைய சாப்பாடு அது. போன வருடம் ஒரு பையன் நேராகப் பந்தி நேரத்துக்கு வந்தான், இலையைப் படம் எடுத்தான், பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டான். இன்னொரு பையன் காலையிலேயே வந்துவிட்டான். தமிழ்நாட்டுப் பிள்ளை, கூச்ச சுபாவம். என்ன செய்யட்டும் அம்மா என்றான். தேங்காய் துருவச் சொன்னேன். அடுப்படியில் எங்களோடு உட்கார்ந்து மதியம் வரை துருவினான். எங்கள் வீட்டுக் கிழவிக்கு அவன் பேசுகிற தமிழ் கால்வாசிதான் புரிந்தது, ஆனாலும் பக்கத்தை விட்டு நகர விடவில்லை. போகும்போது ஒரு தூக்கு நிறையப் பாயசம் கொடுத்தோம். அந்தத் தூக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

மாடியறைக்காரன்

அக்கா, அந்தத் தேங்காய்ப் பையன் நான்தான். தூக்கு என் அறையில் அரிசி டப்பாவாக இருந்தது, நாடு திரும்பும்போது நண்பனிடம் விட்டுவந்தேன். மன்னித்துவிடுங்கள்.

தலைநகர் போர்ட் லூயியை யாரும் சொல்லவில்லையே, அதனால் சுருக்கமாக. அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடு இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், நான் போனபோது காசு கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஆலமர நிழல். அப்புறம் ஆப்ரவாசி காட். 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கரையேறிய படிகள், 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். நுழைவு இலவசம், ஞாயிறன்று போய் ஏமாறாதீர்கள். நான் போன அன்று ஒரு பள்ளிக்கூட வகுப்பும் வந்திருந்தது. படிகளுக்கு முன்னால் ஆசிரியை வருகைப்பதிவு எடுத்தார். அழைத்த குடும்பப் பெயர்களில் பாதி, எங்கள் தெருவில் தாத்தாக்களுக்கு இருக்கும் பெயர்கள். "ப்ரெஸாங்", அதாவது "உள்ளேன்", என்று பிரெஞ்சில் பதில் வந்தது.

முருங்கைக்கீரை

தூக்கு யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த நண்பன் எங்கள் வகுப்புதான். சனிக்கிழமை காலை ஏழரைக்குச் சந்தை வாசலில் கொண்டுவரச் சொல்கிறேன். அக்கா, நீங்கள் வந்தால் கையோடு வாங்கிக்கொள்ளலாம். கீரைக்குப் பை எடுத்து வாருங்கள்.