வீட்டில் செய்த இரும்பு பம்பர்: கோணாமல் வெல்டிங், துரு பிடிக்காத பூச்சு எப்படி?

மலைப்பாதை: பிக்கப்புக்கு 5 மி.மீ. தகட்டில் முன் பம்பர் வெட்டி டாக் (அங்கங்கே சின்னப் புள்ளியா தற்காலிக வெல்டிங்) அடிச்சாச்சு. முழு வெல்டிங்ல கோணாம இருக்க என்ன வழி? பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா?

பட்டறை: முழு வெல்டிங்கை வண்டியில வெச்சு அடிக்காதீங்க. பம்பரைக் கழற்றுறதுக்கு முன்னாடி, அதை சேஸிஸோட (வண்டியோட அடிச்சட்டம்) சேர்க்கிற ரெண்டு பிராக்கெட்டுக்கும் குறுக்கே ஒரு ஆங்கிளை (எல் வடிவ இரும்பு) டாக் பண்ணுங்க. இல்லேன்னா சூட்டுல பிராக்கெட் உள்ளே இழுத்து, போல்ட் ஓட்டை சேஸிஸோட சேராது. 50 மி.மீ. இங்கே, அடுத்த 50 எதிர்முனையில்னு மாத்தி மாத்தி ஓட்டுங்க. வண்டியில டாக் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்கணும், வெல்டிங் மெஷினோட எர்த் கிளாம்ப் பம்பர்லயே இருக்கணும்.

தின்னர்: பெயிண்ட்தான் என் தேர்வு. பவுடர் கோட்டிங்ல கல் பட்டு ஒரு இடம் பெயர்ந்தா, ஈரம் அடியில ஊர்ந்து பூச்சு தோலா உரியும்; வீட்டுல ஒட்டுப்போட முடியாது. புதுத் தகட்டோட கருநீலப் படலத்தை ஃபிளாப் டிஸ்க்கால (கிரைண்டர்ல மாட்டுற உப்புத்தாள் தட்டு) முழுசா எடுங்க, பெயிண்ட் உரியறதே பெரும்பாலும் அதனாலதான். தின்னர்ல துடைச்சு, எபாக்ஸி பிரைமர் 2 கோட், மேலே டூ-கே பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரிதேன் பெயிண்ட்). பெட்டி மாதிரி மூடின இடத்துக்கு அடியில 10 மி.மீ. வடிகால் ஓட்டை அவசியம்.

பட்டறை: இந்தியாவுலனா, 2017 டிசம்பர்லயே கிராஷ் கார்டு (வண்டி முன்னால கூடுதலா மாட்டுற இரும்புத் தடுப்பு) மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கு. உங்க பம்பரையும் கழற்றச் சொன்னா திரும்ப மாட்ட, பழைய பம்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க.