மறு: மண்ணிலுள்ள ஆன்டிபயாட்டிக் பயிருக்குள் போவதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மண்ணில் கலந்த ஆன்டிபயாட்டிக்கைப் பயிர் வேர்வழியே எடுத்துக்கொள்வதற்கு, உழவர்களுக்கான நம் துண்டறிக்கையில் என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அக்கா முன்வைத்த 'மருந்துறிஞ்சல்' வாயில் எளிதாக வருகிறது. ஆனால் எங்கள் மானூர்ப் பக்கம் மருந்து என்றால் பூச்சிமருந்துதான். துண்டறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்க்கும் சம்சாரி (விவசாயி), "நான்தான் கீரைக்கு மருந்தே அடிக்கலையே" என்று மடித்து வைத்துவிடுவார். இங்கே வில்லங்கம் தெளிப்பானில் இல்லை, எருவில் இருக்கிறது. கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றில் கணிசமான பங்கு உடம்பில் சிதையாமல் கழிவோடு வெளியே வருகிறது. லாரியில் வந்து இறங்கும் கோழி எருவைப் பச்சையாகவே பாத்தியில் கொட்டினால் அதுவும் சேர்ந்து மண்ணுக்குப் போகிறது. அதனால் முன்பாதிக்கு, ஆன்டிபயாட்டிக்கைக் குறிக்கும் 'எதிருயிரி' இருக்கட்டும்.

பின்பாதிதான் எனக்கு முக்கியம். 'உறிஞ்சல்' வேண்டாம் என்பேன். மண்துகள் ஒரு பொருளைத் தன்மேல் பிடித்துக்கொள்வதையும் நாம் உறிஞ்சல் என்றே எழுதிவருகிறோம். இந்த விஷயத்திலோ மண் பிடிப்பதும் வேர் எடுப்பதும் எதிரெதிர் வேலைகள். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் களிமண்ணில் இறுகப் பிடித்துக்கொள்ளும், கரிசலில் அவ்வளவு சீக்கிரம் நகராது. சல்ஃபா வகை மண்ணீரில் எளிதாக நகரும். வேர் நீரை எடுக்கும்போது அதில் கரைந்திருப்பதும் கூடவே மேலே போகிறது. இலை ஆவியாக விடும் நீர்தான் அதை இழுக்கிறது. இதனால்தான் பழத்தைவிடக் கீரையைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

மண் பிடித்துக்கொண்டால் பயிருக்குப் போகாது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2005இல் வெளிவந்த மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வில், எரு இட்ட மண்ணில் வளர்ந்த மக்காச்சோளம், வெங்காயத்தாள், முட்டைக்கோஸ் மூன்றிலும் டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த குளோர்டெட்ராசைக்ளின் இருந்தது. அளவு மிகச் சிறியது, ஆனாலும் உள்ளே போயிருக்கிறது. மூலக்கூறு பெரிதான டைலோசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் போகவில்லை.

சரி, என் பரிந்துரை 'வேரேற்றம்'. "வயல்ல உப்பு ஏறிட்டு" என்று நம்மூரில் சொல்கிறோமே, அந்த ஏறுதல்தான் இது. 'வேரேறும்', 'வேரேறிய எச்சம்', 'வேரேற்ற விகிதம்' என்று தடையில்லாமல் கிளைக்கிறது. 'ஏற்றம்' விலையேற்றத்தை நினைவூட்டும் என்று தம்பி எழுதியிருந்தார். வேரோடு சேர்ந்தபின் அந்தக் குழப்பம் வராது. அவர் சொன்ன 'உயிர்த்திரள்வு' நல்ல சொல், ஆனால் அது ஏறியபின் சேர்ந்து நிற்பதைக் குறிக்கிறது. அதை அந்த இடத்துக்கே வைத்துக்கொள்ளலாம். மண் பிடித்துக்கொள்வதற்கு 'மண்பிடிப்பு' போதும்.

துண்டறிக்கையில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"மட்காத கோழி எருவில் உள்ள எதிருயிரி கீரையில் வேரேறலாம். எருவைக் குவித்து, உள்ளே நன்றாகச் சூடேறி மட்கவிட்டு அப்புறம் போடுங்கள். பல எதிருயிரிகள் அந்தச் சூட்டில் சிதைந்து குறையும்."

இதில் 'வேரேறலாம்' யாருக்காவது உறுத்தினால் உடனே எழுதுங்கள். பிசான நெல் பருவத்துக்கு எரு அடிக்கத் தொடங்கும் முன் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.