ஏற்காட்டிலிருந்து: வார் கட்ட விடாத குதிரைக்கு உதவி வேண்டும்

போன ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கிய மார்வாரி பெட்டைக்குதிரை, வயது 6. சேணத்தை முதுகில் வைக்க விடுகிறாள். சேணத்தை இறுக்கும் வயிற்று வாரை இழுத்தால் மட்டும் காதைப் பின்னால் மடக்கி, விலாத்தோல் துடிக்க, திரும்பிக் கடிக்க வருகிறாள். மூன்று மாதமாக இப்படித்தான்.

மருத்துவர் முதுகையும் பல்லையும் பார்த்துவிட்டார், குறையில்லை. சேணத்தையும் மாற்றியாயிற்று. அப்புறம் அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தேன். கயிற்றில் லேசாக அழுத்தம் கொடுப்பார்; அவள் ஒரு அடி இணங்கியதும் அந்த நொடியே தளர்த்திவிடுவார். இப்போது தலையைத் தாழ்த்தி, வாயை மென்றபடி அவர் பின்னாலேயே நடக்கிறாள். வாரைத் தொட்டால் மட்டும் பழைய கதைதான். வலியாக இருந்தால் பயிற்சி கொடுப்பதே பாவம். வயிற்றுப்புண்ணாக இருக்கலாம் என்கிறார் அந்தப் பயிற்சியாளர்.

சேலம் சுற்றுவட்டாரத்தில் குதிரைக்கு எண்டோஸ்கோபி (குழாய் கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) எங்கே செய்கிறார்கள்?